எல்லாரும் தூண்டில் போடும் சின்ன ஏரியில் பாஸ் பிடிப்பது

பாஸ் என்னும் நன்னீர் வேட்டை மீனைப் பிடிப்பது பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி பெரிய ஏரிக்காரர்களுடையது. அவர்களிடம் படகு இருக்கிறது, ஆழம் காட்டும் சோனார் இருக்கிறது. ஒரு இடத்தில் மீன் கடிக்கவில்லை என்றால் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போய், அன்றைக்குத் தூண்டிலையே பார்க்காத வேறு மீன்களைத் தேடிக்கொள்வார்கள். நான் போவது அரைமணி நேரத்தில் நடந்தே சுற்றிவிடக்கூடிய ஏரி. படகு விட முடியாது. கரையில் எங்கெல்லாம் நின்று வீச வசதியோ அங்கெல்லாம் புல் தேய்ந்து மண் தெரிகிறது. ஒவ்வொரு மண் திட்டிலும் நேற்று ஒருவர் நின்றிருப்பார், இன்று மாலையும் ஒருவர் நிற்பார்.

இந்த மாதிரி ஏரியில் மீன் எங்கே இருக்கும் என்பது பெரிய புதிர் இல்லை. சாய்ந்து விழுந்த மரம், மதகை ஒட்டிய பள்ளம், மரப்பலகை நடைமேடையின் நிழல், அல்லி இலைப் பரப்பு, நாணல் முடியும் இடம் என்று மொத்தமே ஏழெட்டு இடங்கள்தான். ஒரு வாரம் வந்துபோனவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். கேள்வி வேறு. அங்கே இருக்கும் மீன் ஏற்கனவே ஒருமுறையாவது முள்ளில் மாட்டி, கரையைப் பார்த்து, மறுபடி நீருக்குள் விடப்பட்ட மீன். அதை இன்னொரு முறை வாய் திறக்க வைப்பது எப்படி?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ரிட்ஜ் லேக் என்று ஒரு சிறிய ஆராய்ச்சி ஏரி உண்டு. 1970களில் அங்கே பிடிபட்ட ஒவ்வொரு லார்ஜ்மவுத் (பெரிய வாய்) பாஸையும் அடையாளமிட்டு, குறித்துக்கொண்டு, திருப்பி விட்டார்கள். நாலு வருடம் கழித்து ஏரியை வற்றவைத்தபோது சுமார் 1,700 பாஸ் மீன்கள் இருந்தன. அவற்றில் சுமார் 200 மீன்கள் ஒருமுறைகூடப் பிடிபட்டதாகப் பதிவே இல்லை. வேறு சில மீன்களோ திரும்பத் திரும்பப் பிடிபட்டிருந்தன. பிடிபடாதவற்றையும் அடிக்கடி பிடிபட்டவற்றையும் தனித்தனியாக இனப்பெருக்கம் செய்யவிட்டு, மூன்று தலைமுறை தொடர்ந்து பார்த்தார்கள். தலைமுறைக்குத் தலைமுறை இரண்டு வம்சத்துக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. அதாவது தூண்டிலுக்கு எளிதில் விழும் குணம் ஓரளவுக்குப் பரம்பரையாகவே வருகிறது. 2009-இல் இந்த முடிவுகள் வெளியாயின.

இதைப் படித்த பிறகு நான் ஏரியைப் பார்க்கும் விதமே மாறிப்போனது. ஒரு பக்கம் அனுபவத்தில் எச்சரிக்கையானவை, இன்னொரு பக்கம் பிறவியிலேயே எச்சரிக்கையானவை. இரண்டுமே என் காலடியில் நீந்துகின்றன. அவற்றுக்கு இன்னும் கவர்ச்சியான, இன்னும் சத்தமான ஒன்றைக் காட்டினால் விலகித்தான் போகும். ஆகவே நான் கற்றுக்கொண்டதெல்லாம் ஒவ்வொன்றாகக் குறைப்பதைத்தான். சத்தத்தைக் குறை, எடையைக் குறை, வேகத்தைக் குறை, வீச்சுகளின் எண்ணிக்கையைக் குறை. ஓர் இடத்தில் விழும் முதல் வீச்சுக்கு இருக்கும் மதிப்பு பத்தாவது வீச்சுக்குக் கிடையாது.

முதல் வீச்சு என்றால் அது கையில் ராடு, அதாவது தூண்டில் கோல், எடுப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மீனுக்குப் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு நீரின் மிகச் சிறிய அதிர்வைக்கூட வாங்கிக்கொள்ளும். மண் கரையில் தொம் தொம் என்று நடந்து வந்தால் அந்த அதிர்வு நீருக்குள் போகும். பார்வை விஷயமும் இருக்கிறது. கீழிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு, வெளியுலகம் முழுவதும் சுமார் 97 பாகை விரிந்த ஒரு வட்டச் சன்னல் வழியாகத்தான் தெரியும். தொலைவில் தாழ்வாக இருப்பவை அந்தச் சன்னலின் ஓரத்தில் நசுங்கிப்போய் மங்கலாகத் தெரியும். நிமிர்ந்து நீர்விளிம்பில் நிற்பவர் நன்றாகவே தெரிவார். அதனால் நான் விளிம்பிலிருந்து நாலைந்து அடி தள்ளி, முடிந்தால் முழங்காலிட்டு, முதலில் என் காலடி நீரிலேயே வீசுகிறேன். சின்ன ஏரியில் பாஸ் பெரும்பாலும் கரையை ஒட்டித்தான் சுற்றும். எல்லாரும் நடுவில் வீசுவதற்காகக் கரையோர மீனைத் துரத்திவிட்டு நிற்கிறார்கள். கரைக்கு இணையாக, விளிம்பிலிருந்து ஓரடி தள்ளி, நீளவாக்கில் வீசிப் பாருங்கள். அந்த ஒரு கோணமே பலநாள் எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

அப்புறம் மரக்கிளைகளைப் பார்க்க வேண்டும். ஒரு ஏரியில் என்ன வீசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. கிளைகளில் மாட்டி அறுந்து தொங்கும் லூர்களே, அதாவது செயற்கை இரைகளே, சாட்சி. நான் போகும் ஏரியில் தொங்குபவை பெரும்பாலும் ஸ்பின்னர்பெய்ட்டும், பளபளக்கும் கிராங்க்பெய்ட்டும். சிவப்பு முள் போட்ட ஒன்று மதகுப் பக்கத்து மரத்தில் நெடுங்காலமாக வெளுத்துக்கொண்டிருக்கிறது. கலகலவென்று சத்தம் போட்டு வேகமாக ஓடும் அந்த வகையை இந்த மீன்கள் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கும். எட்டும் உயரத்தில் இருப்பதை எடுத்துவிடுவேன். அறுந்து கிடக்கும் தூண்டில் நரம்பையும் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்வேன். பறவைகளின் காலில் அது சுற்றிக்கொள்வதைப் பார்த்தவர்கள் ஒரு துண்டைக்கூட விட்டுவிட்டு வர மாட்டார்கள்.

சரி, என்ன வீசுவது? ஒன்றே ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் நான் சென்கோவைச் சொல்வேன். லூர் தயாரிப்பாளர் கேரி யமமோட்டோ 1990களில் உருவாக்கிய மென்பிளாஸ்டிக் புழு அது. பார்த்தால் எதுவுமே இல்லை: வாலில்லை, காலில்லை, ஐந்து அங்குலத்துக்கு ஒரு குச்சி. அதன் சூட்சுமம் உள்ளே கலந்திருக்கும் உப்பில் இருக்கிறது. உப்பால் அடர்த்தி கூடுவதால் ஈயமே இல்லாமல் தூரமாக வீசலாம், ஈயமே இல்லாமல் அது மூழ்கும். நடுவில் ஒரு சின்ன ரப்பர் வளையம் மாட்டி, அதில் முள்ளைக் கோத்தால் 'வாக்கி ரிக்'. அப்படி மாட்டிய சென்கோ கிடைமட்டமாக விழும், விழும்போது இரண்டு முனைகளும் மெல்ல நடுங்கும். நீங்கள் எதுவும் செய்யவேண்டியதில்லை. எதுவும் செய்யாமல் இருப்பதுதான் இதில் கற்றுக்கொள்ள வேண்டியது, அதுதான் மிகக் கடினமாகவும் இருக்கிறது. கை சும்மா இருக்க மறுக்கும். ராடு முனையை ஆட்டச் சொல்லும், ரீலைச் சுற்றச் சொல்லும். சுற்றினால் புழு கரையை நோக்கி வளைந்து வந்து விழும். நடுக்கமும் போய்விடும், மரத்தின் நிழலிலிருந்தும் விலகிவிடும். நரம்பைத் தளரவிட்டால் நேர் கீழே, மீனின் மூக்குக்கு முன்னால் இறங்கும். தரை தொட்டதும் சற்றுநேரம் விட்டுவிடுவேன். பிறகு ராடை மெதுவாகத் தூக்கி ஓரடி எழுப்பி, மறுபடி விழவிடுவேன். இரண்டு மூன்று விழுதல்களில் எதுவும் நடக்கவில்லை என்றால் எடுத்துவிட்டு அடுத்த இடம். மீதித் தூரம் முழுக்க அதைக் கரைவரை இழுத்து வருவதால் பயன் ஒன்றும் இல்லை, அந்த நீரைக் கலக்குவதுதான் மிச்சம்.

இந்த விழுதலில்தான் மீன் எடுக்கும். எடுப்பது கையில் தெரியாது. நரம்பு தளர்ந்திருக்கும்போது எந்த உணர்வும் ராடுக்கு வந்து சேராது, கண்ணால்தான் பார்க்க வேண்டும். அதற்காக ரீலில் பளிச்சென்ற மஞ்சள் பின்னல் நரம்பு, 10 பவுண்டு இழுவை தாங்குவது. அதன் முனையில் இரண்டு மீட்டருக்கு ஃப்ளூரோகார்பன் என்ற பிளாஸ்டிக் நரம்பு, தெளிந்த நீரானால் 6 பவுண்டு, மரம் நிறைந்த இடமானால் 8. ஃப்ளூரோகார்பனின் ஒளிவிலகல் எண் சுமார் 1.42, நீருடையது 1.33. நைலான் இன்னும் மேலே 1.5-ஐத் தாண்டும். நீருடையதற்கு நெருங்கிய எண் என்பதால் நீருக்குள் ஃப்ளூரோகார்பன் சற்றுக் குறைவாகத் தெரியும். மஞ்சள் நரம்பு எனக்காக, தெரியாத நரம்பு மீனுக்காக. இரண்டையும் இணைக்க டபுள் யூனி முடிச்சு போதும். முடிச்சை எச்சிலால் நனைத்துவிட்டு இறுக்க வேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் சூடேறி நரம்பு பலவீனமாகும்.

என் தம்பி ஒரு மாலை கூட வந்திருந்தான். அவனுக்கு மீன்பிடிப்பதில் ஆர்வமில்லை, பக்கத்தில் உட்கார்ந்து நீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் விழுந்த மரத்தின் நுனியில் போட்டுவிட்டு ராடு முனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அக்கா, அந்த மஞ்சள் கயிறு தானாப் போகுதே" என்றான். நரம்பு நீரைத் தொடும் இடத்தில் சத்தமே இல்லாமல் இடது பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது, யாரோ ஒரு விரலால் இழுப்பதைப் போல. தளர்வைச் சுற்றி எடுத்து ராடைச் சாய்த்தேன், கனம் தெரிந்தது. அன்றிலிருந்து நான் பார்ப்பது ராடு முனையை அல்ல, நரம்பு நீருக்குள் நுழையும் அந்தப் புள்ளியை. அது பக்கவாட்டில் நகரலாம், துள்ளலாம், அல்லது தரை தொட வேண்டிய நேரத்துக்கு முன்பே நின்றுவிடலாம். கடைசி வகைதான் நுட்பமானது. ஆழம் தெரிந்த இடத்தில் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தால் மட்டும்தான் 'முன்பே நின்றுவிட்டது' என்று உணர முடியும். எண்ணுவது இப்போது எனக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது.

புழுவின் நிறத்துக்கு நான் அதிக நேரம் செலவிடுவதில்லை. இல்லினாயில் நடந்த இன்னொரு ஆய்வில், பாஸின் கண் சிவப்பையும் பச்சையையும் நன்றாகப் பிரித்தறிகிறது, கறுப்பையும் நீலத்தையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்கிறது, வெள்ளையையும் வெளிர் மஞ்சள் பச்சையையும் அப்படியே, என்று கண்டார்கள். கடையில் தொங்கும் நாற்பது நிறங்களில் பாதி நம் கண்ணுக்காகச் செய்தவை. தெளிந்த நீரில் மங்கிய பச்சைப்பழுப்பு, கலங்கலில் கறுப்புநீலம். இந்த இரண்டோடு நிறுத்திக்கொண்டால் பெட்டியும் இலேசாகும், மனதும் இலேசாகும்.

சென்கோ எடுக்காத நாட்களுக்கு நெட் ரிக். கான்சஸைச் சேர்ந்த எழுத்தாளர் நெட் கெய்டியால் பரவலாகி, அவர் பெயரிலேயே நிற்கும் முறை இது. காளான் தலை வடிவத்தில் 2 கிராம் அளவுக்குச் சிறிய ஜிக் (எடைத்தலை வைத்த முள்), அதில் இரண்டரை அங்குலப் புழு. மிதக்கும் வகைப் பிளாஸ்டிக்கில் செய்த புழுவானால் தரையில் தலை ஊன்றி நிமிர்ந்து நிற்கும். நண்டினம் ஒன்று தற்காப்புக்குக் கொடுக்கைத் தூக்கி நிற்பது மாதிரி மீனுக்குத் தெரிகிறதோ என்னவோ, கூச்சமுள்ள மீனும் எடுக்கிறது. சின்ன மீன்களும் எடுக்கும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். ஆழமான மதகுப் பள்ளத்துக்கு ட்ராப்ஷாட். முனையில் ஈயம், அதற்கு ஒரு சாண் மேலே முள். ஈயம் தரையில் இருக்கும், புழு அதே இடத்தில் மிதந்து ஆடும். ஜப்பானில் கூட்டம் மிகுந்த, தெளிந்த நீர் ஏரிகளில் தேறி, 1990களின் இறுதியில் அமெரிக்கப் போட்டியாளர்களிடம் வந்து சேர்ந்த முறை. 1925-இல்தான் பாஸ் மீனே ஜப்பானின் ஆஷி ஏரிக்குக் கொண்டுபோகப்பட்டது என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அங்கே அது அன்னிய இனம், 2005 முதல் சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட இனமும்கூட. ஆனாலும் எச்சரிக்கையான மீனை எப்படி அணுகுவது என்பதில் நாம் பயன்படுத்தும் பாதி உத்திகள் அந்த நாட்டுக் கரைகளிலிருந்து வந்தவை. கரையிலிருந்து ட்ராப்ஷாட் வீசும்போது நரம்பு சாய்வாகக் கிடப்பதால் புழு தரைக்கு நெருங்கிவிடும். ஆகவே படகுக்காரர்கள் விடுவதைவிட ஈயத்துக்கும் முள்ளுக்கும் இடைவெளி கொஞ்சம் கூடுதலாக விட வேண்டும். ஆட்டும்போது ஈயம் நகரக் கூடாது, தளர்ந்த நரம்பை மட்டும் ஆட்ட வேண்டும்.

'சின்னது, மெதுவானது' என்பதையே வேதமாக வைத்துக்கொள்ளவும் கூடாது என்று நினைக்கிறேன். எல்லாரும் நெட் ரிக் வீசத் தொடங்கிவிட்ட ஏரியில் அதுவும் பழக்கமான பொருளாகிவிடும். இருட்டிய பிறகு அல்லி இலைகளின் மேல் ஒரு பெரிய ரப்பர் தவளையை இழுத்துவந்தால், பகல் முழுக்க எதையும் தொடாத மீன் நீரை உடைத்துக்கொண்டு வருவதுண்டு. இரவில் அந்த ஏரியில் யாரும் வீசுவதில்லை என்பதுதான் அதன் காரணம் என்பது என் கணிப்பு.

நேரம் பற்றியும் சொல்லியாக வேண்டும். விடியற்காலையே சிறந்தது என்று எல்லாரும் சொல்கிறார்கள். பாசியும் நீர்த்தாவரமும் மண்டிய சிறு ஏரியில், கடும் வெயில் காலத்தில், அது எப்போதும் உண்மையில்லை. தாவரங்கள் பகலில் ஆக்சிஜனை வெளியிடும், இரவு முழுக்க அவையும் மற்ற உயிர்களும் அதையே செலவழிக்கும். ஆகவே நீரில் கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் விடியலை ஒட்டித்தான். அத்தகைய நாட்களில் சூரியன் ஏறி ஒன்றிரண்டு மணிநேரம் கழித்துப் போனால் மீன் சுறுசுறுப்பாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். காற்றடிக்கும் கரையையும் விடாதீர்கள். முகத்தில் காற்று அறைவதால் வீசச் சிரமம், அதனாலேயே அங்கே ஆள் இருக்காது. அலை நீரில் காற்றைக் கலக்கும், மேற்பரப்பைக் குலைத்து நம்மை மறைக்கும், சிறு இரைகளையும் அந்தப் பக்கமாகத் தள்ளும். லேசான மழையும் அப்படியே.

நான் வீசாத காலம் ஒன்றுண்டு. நீர் 15 பாகை செல்சியஸைத் தாண்டி 20-ஐ நெருங்கும் வாரங்களில் ஆண் பாஸ் ஆழமற்ற நீரில் வட்டமாகத் தரையைத் துடைத்துக் கூடு அமைக்கும். பெண் முட்டையிட்டுப் போய்விடும், ஆண்தான் இரவு பகலாகக் காவல் நிற்கும். எதைப் போட்டாலும் அது தாக்கும், பசியால் அல்ல, விரட்டுவதற்காக. அந்தச் சமயத்தில் பிடிப்பதுபோல் எளிது வேறில்லை. ஆனால் அதைக் கரையில் வைத்துப் படமெடுக்கும் சில நிமிடங்களில் ப்ளூகில் என்னும் சிறு மீன்களின் கூட்டம் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும். ரிட்ஜ் லேக் வம்சங்களை வைத்து 2012-இல் வந்த ஆய்வு இன்னும் ஒன்றைச் சொல்கிறது: தூண்டிலுக்கு எளிதில் விழும் ஆண்களே கூட்டை அதிகத் தீவிரமாகக் காக்கும் ஆண்களும்கூட. நாம் எடுப்பது அந்த ஏரியின் மிகச் சிறந்த தகப்பனை. சின்ன ஏரியில் அப்படிப்பட்டவை எத்தனை இருக்கப்போகின்றன? வட்டம் கண்ணில் பட்டால் நான் சுற்றிப் போய்விடுவேன். வேறு யாராவது பக்கத்தில் நின்றால் தயங்காமல் இதைச் சொல்வேன், பெரும்பாலோர் கேட்டுக்கொள்கிறார்கள்.

பிடித்த மீனை விடுவதிலும் ஒழுங்கு வேண்டும். வாக்கி ரிக்கில் தாமதித்தால் மீன் விழுங்கிவிடும், ஆகவே நரம்பு நகர்ந்த உடனே இறுக்க வேண்டும். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டால் கழற்றுவது நொடிவேலை. கையை நனைத்துக்கொண்டே தொட வேண்டும், உலர்ந்த கை அதன் வழவழப்புப் பூச்சை உரித்துவிடும். கீழ்த்தாடையைப் பிடிக்கும்போது பெரிய மீனானால் இன்னொரு கை வயிற்றைத் தாங்க வேண்டும், தாடையில் மட்டும் சாய்வாகத் தொங்கவிட்டால் காயமாகும். முள் தொண்டைக்குள் போயிருந்தால் தோண்டாமல், முள்ளை ஒட்டி நரம்பை வெட்டி விட்டுவிடுவேன். வேறு ஏரிக்குப் போகும் முன் காலணியையும் வலையையும் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகுதான் எடுத்துப்போவேன். ஒரு நீரின் பாசித்துண்டு இன்னொரு நீருக்கு நோயாகிவிடக்கூடும்.

இப்போது பழகிக்கொண்டிருப்பது நடைமேடைக்கு அடியில் புழுவைத் தத்தவிடுவது. ஓட்டாஞ்சில்லைக் குளத்தில் தத்தவிடுவோமே, அதே தாழ்ந்த கோணம், அதே மணிக்கட்டுச் சுழற்சி. பலகைக்கும் நீருக்கும் இடையே ஓரடி சந்துதான் இருக்கிறது, உள்ளே மூன்று மீட்டருக்கு நிழல். நிமிர்ந்து வீசுபவர் யாருடைய லூரும் அந்த நிழலின் பின்பாதிக்குப் போயிருக்க வழியில்லை. சென்கோவின் உருண்டை உடம்பு இதற்கு நன்றாகவே ஒத்துழைக்கிறது. இரண்டு தத்தல் சீராக வருகிறது, மூன்றாவதில் புழு இன்னும் திசை மாறிக் கம்பத்தில் இடிக்கிறது. ராடு முனையை நீருக்கு இன்னும் ஒரு கை தாழ்த்திப் பார்க்க வேண்டும்.